இணைந்த நிறுவனத்தின் வினை

எட்டாக இருந்த பெரிய தணிக்கை நிறுவனங்கள் 1989, 1998 இணைப்புகளில் ஐந்தாயின. என்ரான் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கணக்கு மோசடி விவகாரத்தில், அதன் தணிக்கையாளரான ஆர்தர் ஆண்டர்சன் 2002-ல் சரிந்ததும் நான்காயின. பெயரும் பங்குதாரர்களும் மாறிய பின் பழைய வினை யாரைச் சேரும்? உயிரற்ற நிறுவனத்துக்கு வினை ஏது, கையெழுத்திட்டவரோடு அது தீர்ந்தது என்பார்கள். ஆனால் புதுக்கோட்டை வட்டாரக் கோயில்களின் சோழர் காலக் கொடை முறை வேறு விதமாக யோசித்தது. அணையாமல் எரிய வேண்டிய நந்தா விளக்கின் நெய்க்காக விட்ட ஆடுகள் சாகும். மந்தையின் எண்ணிக்கை குறையக்கூடாது, நெய் நிற்கக்கூடாது. ஏற்ற கடமை ஆட்டின் ஆயுளோடு முடியவில்லை. 1948 மார்ச் 3-ல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்தபோதும் சொத்தோடு கோயில்களைப் பேணும் பொறுப்பும் கைமாறியது. பழைய பெயரின் மதிப்பைக் காட்டிக் கட்டணம் வாங்குபவர், அந்தப் பெயரின் கடனை மட்டும் முன்னோர் கணக்கில் தள்ளுவது எந்தப் பேரேட்டிலும் சரிவராது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஆண்டர்சன் நிறுவனம் குற்றவாளி என்ற தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005-ல் ரத்து செய்தது. அதற்குள் என்ரான் கணக்கையே பார்த்திராத ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்திருந்தார்கள். கூட்டு வினை என்றாலே இந்த அநியாயம் வரும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் நான் சொல்வது ஈடுசெய்யும் கடமையை, தண்டனையை அல்ல. குற்றம் செய்தவரோடு தண்டனை நிற்கட்டும். ஏமாந்த முதலீட்டாளருக்குத் தர வேண்டியது, இணைந்த நிறுவனத்தின் ஏட்டில் அப்படியே இருக்கிறது.