பிரேக் பிடித்தவர் யார்?

மண்ணும் சக்கரமும் குயவரும் சேர்ந்தால்தான் குடம். உலகம் உண்டான விதத்தை விளக்கச் சைவ சித்தாந்திகள் கையிலெடுத்த உவமை இது. மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம். மாயை மண்ணின் இடத்திலும், சக்தி கருவியின் இடத்திலும், இறைவன் குயவரின் இடத்திலும் நிற்கிறார்கள். குயவரின் சக்கரத்துக்குச் சொந்தக் கருத்து இல்லை என்ற எண்ணம் இந்த உவமைக்குள் சொல்லாமலே அடங்கியிருக்கிறது. இப்போது சுற்றலாமா, வேண்டாமா என்று அது யோசிப்பதில்லை. அதனால்தான் குடம் கோணினால் குயவரைக் கேட்கிறோம். யோசித்துப் பார்த்துவிட்டுச் சுற்றும் சக்கரம் ஒன்று வந்தால் யாரைக் கேட்பது?

விமானச் சக்கரங்களில் அப்படி ஒன்று வந்துவிட்டது. 2011இல் பயணிகள் சேவைக்கு வந்த போயிங் 787இன் பிரேக்குகளை இயக்க ஹைட்ராலிக் எண்ணெய் கிடையாது. விமானி பெடலை மிதித்ததும் அந்த அழுத்தம் மின்குறிப்பாக மாறிக் கணினிக்குப் போகிறது. பிரேக் உள்ள ஒவ்வொரு சக்கரத்திலும் நான்கு மின் இயக்கிகள் கார்பன் தட்டுகளை நெருக்குகின்றன. சுமார் 228 டன் எடை நொடிக்கு 80 மீட்டர் வேகத்தில் ஓடும்போது அதில் 730 மெகாஜூல் அளவுக்கு ஆற்றல் இருக்கும். பிரேக் பிடித்து நிறுத்தினால் அதில் பெரும்பங்கு அந்தத் தட்டுகளில் வெப்பமாகிறது. காலின் பலம் இதில் எங்கும் சேர்வதில்லை. ஈர ஓடுபாதையில் சக்கரம் சுழலாமல் சறுக்கத் தொடங்கினால், கால் அழுத்திக்கொண்டிருக்கும்போதே கணினி பிடியைத் தளர்த்துகிறது. இறுகி நின்ற சக்கரத்துக்குத் தரையில் பிடிமானம் குறைவு. விட்டுப் பிடித்தால்தான் விமானம் விரைவில் நிற்கும். விமானியின் கட்டளையை மீறி அவருடைய நோக்கத்தை நிறைவேற்றுகிறது கருவி.

ஆகவே கருவியே கர்த்தாவாகிவிட்டது என்று சொல்லத் தோன்றும். நான் அப்படிக் கருதவில்லை. கணினியில் இருப்பது முன்பே எடுத்து வைத்த மனித முடிவு. 1993 செப்டம்பர் 14 அன்று வார்சாவில் மழைக்கிடையே ஓர் ஏர்பஸ் ஏ320 இறங்கியது. வலப்பக்கச் சக்கரங்கள் முதலில் தரையைத் தொட்டன. இடப்பக்கம் பல நொடிகள் கழித்தே தொட்டது. அதுவரை விமானம் தரையில் இருப்பதாகக் கணினி ஒப்புக்கொள்ளவில்லை; இறக்கைத் தடுப்புகளும் எஞ்சினின் எதிர்விசையும் தாமதமாயின. தேங்கிய நீர்மேல் சக்கரங்கள் வழுக்கியதால் பிரேக்கும் தாமதமாயிற்று. விமானம் ஓடுபாதையைத் தாண்டி மண்மேட்டில் மோதியது. இரண்டு பேர் இறந்தார்கள். விமானிகள் நிறுத்த முயன்றதைத் தடுத்தது யார்? தரையில் இருப்பது என்றால் இன்னது என்று வரையறுத்தவர்கள். வானத்திலேயே தடுப்புகள் விரிந்துவிடக் கூடாது என்ற நியாயமான அச்சத்தால் எழுதிய நிபந்தனை அது. எழுதியவர்கள் அன்று வார்சாவில் இல்லை. அவர்களுடைய முடிவு இருந்தது. குயவர் இங்கே ஒருவரல்லர். விமானியும் குயவர், பல ஆண்டுகளுக்கு முன் மேசையில் அமர்ந்து நிபந்தனை எழுதியவரும் குயவர்.

மின்சாரத்தால் இதில் என்ன புதிதாக வந்தது என்று கேட்கலாம். கேள்வி சரியானதுதான். வார்சா விமானத்தின் பிரேக்குகள் ஹைட்ராலிக் வகை. சறுக்கலைத் தடுக்கும் டன்லப்பின் மாக்ஸாரெட் கருவியோ 1950களிலேயே வந்துவிட்டது. எண்ணெய்க் குழாய் போய்க் கம்பி வந்ததால் கேள்வி பிறக்கவில்லை. ஆனால் மறைப்பு விலகியது. குழாய் இருந்தவரை கால்தான் தட்டை அழுத்துகிறது என்ற நினைப்புக்கு இடமிருந்தது. கம்பி அந்த நினைப்புக்கு இடம் தரவில்லை.

பொறுப்பைப் பலருக்குப் பங்கிட்டால் கடைசியில் ஒருவருமே பொறுப்பில்லை என்றாகிவிடும் என்பது இதைவிட வலுவான மறுப்பு. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர். அதனால் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவரின் பொறுப்பு ஆயிரத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடுவதில்லை. அவரவர் செய்தது அவரவருக்கு முழுதாகவே சேரும். 1988இல் டல்லஸில் ஒரு டிசி-10 விமானம் புறப்பாட்டைக் கைவிட்டு நிற்க முயன்றபோது, பத்து பிரேக்குகளில் எட்டு செயலிழந்தன. அவை தேய்ந்திருந்தன, சான்றிதழுக்கான சோதனையோ புதிய பிரேக்குகளைக் கொண்டு நடந்திருந்தது. பின்னர் தேய்ந்த பிரேக்குகளைக் கொண்டே சோதிக்க வேண்டும் என்று விதி மாறியது. ஒருவரும் பொறுப்பில்லை என்று விட்டிருந்தால் இந்த மாற்றம் வந்திருக்காது. விமானியை மட்டும் குற்றவாளியாக்கியிருந்தாலும் வந்திருக்காது.

சித்தாந்தமும் இதற்கு இடம் தருகிறது. அவனன்றி எதுவும் அசையாது என்று சொல்லும் அதே நெறி, உயிர் செய்த வினையை உயிரே நுகர வேண்டும் என்றும் சொல்கிறது. மேலே ஒரு கர்த்தா இருப்பதால் கீழே உள்ளவரின் வினை அழிவதில்லை. மேசையில் நிபந்தனை எழுதியவருக்கும் இது பொருந்தும். அவர் கால் பெடலில் இல்லை என்பது விலக்காகாது. விபத்து விசாரணை விமானியின் காலோடு நின்றுவிட்டால் அது பாதி விசாரணைதான்.