ஸங்கல்பமும் சம்மதமும்

கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள நம்மவர் வீடுகளில், சந்தையிலிருந்து வாழையிலையும் வெற்றிலையும் வந்து சேர்ந்து, சாஸ்திரிகள் மணையில் அமர்ந்ததும் முதலில் நடப்பது ஸங்கல்பம். வருஷம், அயனம், ருது, மாசம், பக்ஷம், திதி, நக்ஷத்திரம் ஆகியவற்றைச் சொல்லி, இன்ன பயனைக் கருதி இன்ன கர்மாவைச் செய்கிறேன் என்று கர்த்தா தன் வாயாலேயே சொன்ன பிறகுதான் அது அவனுடைய கர்மாவாகிறது. தானத்துக்கும் அதுவே விதி. கொடுப்பவன் அறியாமல் அவன் வீட்டிலிருந்து எடுத்துச் சென்ற பொருள், எத்தனை பேருடைய பசியை ஆற்றினாலும், களவுப் பொருளே.

தேகம் அநித்தியம், ஆத்மா வேறு என்று போதிக்கும் மதத்தில் பிறந்த நமக்கு, லோக க்ஷேமத்துக்காக ஓர் ஏழையின் தேகத்தில் அவனைக் கேளாமல் மருந்தைச் சோதித்துப் பார்ப்பது குற்றமாகத் தோன்ற நியாயமுண்டா? உண்டு என்பதே என் திடமான அபிப்பிராயம். விருத்திராசுரனை வதைக்க வஜ்ராயுதம் வேண்டியிருந்தபோது, மூவுலகின் நன்மையும் தங்கள் பக்கம் இருந்தும், தேவர்கள் ததீசி முனிவரிடம் சென்று அவருடைய எலும்பை யாசித்தார்கள். தேகத்தின் நிலையாமையை அவர்களினும் நன்கு அறிந்த அம்முனிவர், தாமே மனமுவந்து யோகத்தில் அமர்ந்து அதைத் துறந்தார். பிறனுக்கு வைராக்கியத்தை உபதேசித்துவிட்டு அவன் உடைமையில் கைவைப்பது வேதாந்தமாகாது.

கேட்கப்பட்டவர்கள் மறுத்தால் விஞ்ஞானம் முடங்கிவிடும் என்று அஞ்சுவோரும் உண்டு. 1898-இல் இவ்வூர்ப் பி.ஜி. ஆஸ்பத்திரி வளாகத்தில் ரொனால்ட் ராஸ் மலேரியாவை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, பிளேக்கையும் அதற்கான ஊசியையும் பற்றிப் பரவியிருந்த பீதியால், விரல் நுனியிலிருந்து ஒரு துளி ரத்தம் கொடுக்கவும் ஜனங்கள் மறுத்தார்கள். அவர் பறவைகளை ஆராய்ந்தார். கொசு நோயைப் பரப்பும் விதம் அவ்வருஷமே பறவைகளில் வெளியாயிற்று.

2009-இல் ஆந்திரத்துக் கம்மம் ஜில்லாவில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசி போடப்பட்டபோது, விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள் பலருக்காக விடுதிக் காப்பாளர்களே சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டார்கள். 2013-இல் பாராளுமன்றக் குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. இடையில் இறந்த சிறுமிகளின் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பு காணப்படவில்லை என்று விசாரணையில் சொல்லப்பட்டது. அவ்வாறே இருக்கட்டும்; பெற்றோர் சொல்ல வேண்டியதைக் காப்பாளர் சொன்ன குற்றம் அதனால் தீராது.

இதனினும் கடினமான விஷயம் ஒன்றுண்டு. 2006-இல் கல்கத்தாச் சேரிகளில், ஏறத்தாழ 67,000 பேரைக் கொண்டு, வாயால் உட்கொள்ளும் காலராத் தடுப்பு மருந்து சோதிக்கப்பட்டது. ஒரு சாராருக்கு மருந்து, மறு சாராருக்கு மருந்தல்லாத மாற்று. யாருக்கு எது என்பதை உட்கொண்டவரும் அறியார், கொடுத்தவரும் அறியார். இரண்டு வருஷங்களில், மருந்து பெற்றவர்களிடையே காலரா சுமார் மூன்றில் இரண்டு பங்கு குறைந்திருந்தது தெரியவந்தது. அது பெரும் நன்மையே. ஆயினும், அறியாமல் கொடுப்பது தானமன்று எனில் இது எவ்வாறு தானமாகும்? தனக்குக் கிடைப்பது எது என்பது மறைக்கப்படும் என்பதையே முன்னரே கேட்டறிந்து, விரும்பிய கணத்தில் விலகலாம் என்பதையும் உணர்ந்து ஒப்புகிறவன், பலனில் பற்றை விட்டுக் கர்மத்தை ஏற்பவனுக்கு நிகரானவன். அவனை நான் வணங்குகிறேன். நிச்சயமாக மருந்துதான் என்று நம்பிக் குழந்தையை இடுப்பில் ஏந்தி வரிசையில் நிற்கும் தாயோ ஒன்றையும் ஒப்பவில்லை; அவளுக்குப் புரியும் வரையில் வங்காளியிலோ ஹிந்தியிலோ திரும்பத் திரும்பச் சொல்ல நேரமில்லாதவருக்கு, அவளுடைய கைந்நாட்டைப் பெற யோக்கியதை இல்லை.

குப்த தானமே உயர்ந்தது என்பார்கள். பெற்றவனும் அந்த ரகசியத்தைக் காக்க வேண்டும். எளிதில் வஞ்சிக்கப்படக்கூடியவர்களிடம் புது மருந்துச் சோதனைக்குச் சம்மதம் பெறும்போது அதைப் படமும் குரலுமாகப் பதிவு செய்யச் சொல்லும் 2019-ஆம் வருஷத்து விதிகள், எச்.ஐ.வி.க்கும் குஷ்டத்துக்குமான மருந்தாயின் குரல் மட்டும் போதும் என்கின்றன. அவ்விதியை எழுதியவர்களின் கருணை போற்றத்தக்கது. ஆனால் குரலையும் அடையாளம் காண்பவர் உண்டு. எல்லோரும் எல்லோரையும் அறிந்த எங்கள் பேட்டை போன்ற இடத்தில், ஒரு குமாஸ்தா வாய்தவறிச் சொல்லும் சொல் ஒரு பெண்ணின் கல்யாணத்தையே நிறுத்திவிடும். ஆகவே, படிவத்தை வாசித்துக் காட்டும்போதே, பெயர்ப் பட்டியலும் ஒலிப்பதிவும் யார் பொறுப்பில், எத்தனை காலம், எங்கே பூட்டியிருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.