எது முதலில்?

குண்டு விழும் நேரத்தில் வெப்பநிலையைப் பற்றிப் பேசுவதா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. காசாவிலோ கார்கிவிலோ சூடானின் எல் ஃபாஷரிலோ வீட்டையும் உறவையும் பறிகொடுத்து நிற்பவரிடம் 2050-ன் கடல்மட்டத்தைப் பற்றிப் பேசுவது குரூரம். ஆனால் போரைப் பார்த்துவிட்டுக் காலநிலையைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்பவர்களில் பெரும்பாலானோர் வரவு செலவுத் திட்டம் போடும் தலைநகரங்களில் இருப்பவர்கள். போரை நிறுத்த வேண்டும் என்பதற்காக அவர்கள் அதைச் சொல்வதில்லை. சமாதானப் பேச்சுக்கு ஆகும் செலவு அற்பம்: சில தூதர்கள், நிறையப் பொறுமை. அதனால் எந்தக் காற்றாலையும் நின்றுபோகாது. காலநிலை நிதியோடு மல்லுக்கு நிற்பது ஆயுதக் கொள்முதல்தான்.

ஸ்டாக்ஹோமில் இயங்கும் சிப்ரி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2024-ல் உலக நாடுகள் ராணுவத்துக்குச் செலவிட்டது சுமார் 2.7 லட்சம் கோடி டாலர். முந்தைய ஆண்டைவிட 9.4 சதவீதம் அதிகம்; பனிப்போர் முடிந்தபின் ஒரே ஆண்டில் இவ்வளவு ஏற்றம் வந்ததில்லை. அதே ஆண்டு நவம்பரில் பாகூ காலநிலை மாநாட்டில் விடிய விடிய வாதாடி வளரும் நாடுகள் பெற்றது, 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் திரட்டித் தரப்படும் என்ற வாக்குறுதி. ராணுவச் செலவில் ஒன்பதில் ஒரு பங்கு, அதுவும் பதினோரு ஆண்டு தவணையில். இதற்கு முந்தைய வாக்குறுதி என்ன ஆயிற்று என்பதும் நினைவிருக்க வேண்டும். ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் 2020-க்குள் தருவதாகக் கோபன்ஹேகனில் 2009-ல் சொன்னார்கள். அந்த அளவை எட்டியது 2022-ல்தான்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. டென்மார்க்கின் பியோன் லொம்போர்க் 2004-ல் கூட்டிய பொருளியலாளர் குழு, உலகின் துன்பங்களுக்கு எங்கே செலவிட்டால் அதிகப் பலன் என்று வரிசைப்படுத்தியது. எய்ட்ஸ் தடுப்பு முதலிடத்தில். ஊட்டச்சத்துக் குறைவும் மலேரியாவும் முன்வரிசையில். காலநிலைத் திட்டங்கள் கடைசியில். இன்று சாகும் குழந்தையை விட்டுவிட்டு நாளைய வெப்பத்துக்குச் செலவிடலாமா என்ற கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தப் பட்டியல் துன்பங்களைத் தனித்தனி அறைகளில் அடைக்கிறது. அவை அங்கே அடங்கியிருப்பதில்லை. பாகிஸ்தானில் 2022-ல் வந்த வெள்ளம் 3.3 கோடிப் பேரைப் பாதித்தது, 1,700-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. தேங்கிய நீரில் கொசு பெருகியது. 2021-ல் சுமார் 5 லட்சமாக இருந்த மலேரியா பாதிப்பு 2022-ல் 26 லட்சமானதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இதில் எது காலநிலைச் செலவு, எது மலேரியாச் செலவு? மேலும், காலநிலையில் மிச்சம் பிடித்த பணம் ஏழைக் குழந்தைக்குப் போய்ச் சேரும் என்பதும் நடைமுறையில் நடப்பதில்லை. 2025 பிப்ரவரியில் பிரிட்டன் ராணுவச் செலவை உயர்த்த முடிவெடுத்தபோது, வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதத்திலிருந்து 0.3 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்தது. தடுப்பூசி, காலநிலை இரண்டுக்குமான பணமும் அந்த ஒரே கணக்கிலிருந்துதான் போகிறது.

காத்திருக்கலாம் என்ற யோசனையின் பெரிய பிழை காலத்தைப் பற்றியது. போர் எவ்வளவு கொடியதாக இருந்தாலும் ஒரு கையெழுத்தில் குண்டுவீச்சு நிற்க முடியும். செத்தவர்கள் திரும்ப மாட்டார்கள், ஆனால் சாவு நிற்கும். கரியமில வாயுவுக்குப் போர்நிறுத்தம் கிடையாது. இன்று புகைபோக்கியிலிருந்து வெளியேறுவதில் கணிசமான பகுதி பல நூற்றாண்டுகள் காற்றில் தங்கும். ஹவாயின் மௌனா லோவா ஆய்வகத்தில் காற்றிலுள்ள அதன் அளவை அளக்கத் தொடங்கிய 1958-ல் பத்து லட்சத்துக்கு 315 பங்கு அளவில் இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. ஒத்திப்போட்ட ஒவ்வோர் ஆண்டும் அந்த இருப்பில்தான் சேர்கிறது.

பகை தீராமல் நாடுகள் எப்படிச் சேர்ந்து வேலை செய்யும் என்பார்கள். பெரியம்மையை ஒழித்த கதை இதற்குப் பதில். உலகளவில் அதை ஒழிக்கலாம் என்று 1958-ல் முன்மொழிந்தது சோவியத் யூனியன். 1967-ல் தீவிரமான திட்டத்தை வழிநடத்தியவர் அமெரிக்கரான ஹெண்டர்சன். வியட்நாமிலும் பியாஃப்ராவிலும் வங்கதேசத்திலும் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி 1977-ல் சோமாலியாவில் கண்டறியப்பட்டபோது, அந்த நாடு எத்தியோப்பியாவோடு போரில் இருந்தது.

என் பக்கம் நிற்பவர்களும் சில நேரம் மிகைப்படுத்துகிறார்கள். சிரியப் போருக்கு வறட்சியே காரணம் என்பது அப்படியொன்று. வறட்சி உண்மை, ஆனால் ஊர்வலம் போனவர்களைச் சுட்டது மழை இல்லாத வானமா? அணு ஆயுதப் போரைப் பொறுத்தவரை, அது சில மணி நேரத்தில் எல்லாக் கணக்கையும் முடித்துவிடும் என்பதால் அதைத் தடுப்பதற்கே முதலிடம் என்று தயக்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தடுப்புக்கு வேண்டியது ஒப்பந்தம், கண்காணிப்பு, தொலைபேசியில் பேசும் பழக்கம். அவற்றுக்குக் காலநிலை நிதியில் கைவைக்கத் தேவையில்லை. எண்ணெயை விட்டு விலகுவது போருக்கும் ஒரு கடிவாளம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: உக்ரைனுக்குள் படை நுழைவதற்கு முந்தைய ஆண்டு, ரஷ்ய அரசின் வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெயும் எரிவாயுவும் தந்தவை.

இவ்வளவு எடைபோட்ட பிறகும் ஒரு தொகை கணக்கில் வருவதில்லை. 1997-ன் கியோட்டோ ஒப்பந்தத்தில் அமெரிக்காவின் வற்புறுத்தலால் ராணுவ உமிழ்வின் பெரும்பகுதிக்கு விலக்குக் கிடைத்தது. 2015-ன் பாரிஸ் ஒப்பந்தம் அதைத் தெரிவிப்பதை அந்தந்த நாட்டின் விருப்பத்துக்கு விட்டது. உலக உமிழ்வில் ராணுவங்களின் பங்கு சுமார் 5.5 சதவீதம் என்று 2022-ல் ஒரு மதிப்பீடு வந்தது. பல நாடுகள் முழு விவரம் தராததால், கிடைத்த சில நாடுகளின் தரவை வைத்துப் போட்ட கணக்கு அது.