இடர்க்காலத்து ஈகை



திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் பெருவழியில் ரெட்டியார்சத்திரம் என்றோர் ஊர் உண்டு. வழிநடந்து களைத்தவர்க்கு உண்டியும் உறையுளும் நல்கும் அறச்சாலையையே சத்திரம் என்றனர் நம் முன்னோர். அறம் ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டது. அவ்வழியே பழனியையும் கடந்து மேற்கே சென்றால் ஐவர்மலை. தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பாறையில் வரிசையாக அமைந்த அம்மலையில், சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870இல், பாண்டியன் வரகுணன் காலத்தில் பொறித்த கல்வெட்டு ஒன்றுளது. சாந்திவீரக் குரவர் பார்சுவநாதர் திருவுருவையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, அவற்றின் வழிபாட்டிற்கும் ஓர் அடிகளின் உணவிற்கும் 505 காணம் பொன் வைத்த செய்தியை அது கூறுகிறது. சோறு முட்டுப்படும் நாள் வருமுன்னரே முதல் வைத்த அச்செயலை இன்று நினைவூட்டக் காரணம் உண்டு.

2018 நவம்பர் 16ஆம் நாள் வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா புயல், கீழ்த்தஞ்சைப் பகுதியின் தென்னந்தோப்புகளை வீழ்த்திவிட்டுத் திண்டுக்கல் மாவட்டத்தின் வழியாகவே மேற்கே சென்றது. கொடைக்கானல் மலைப்பாதைகள் மரம் விழுந்து அடைபட்டன. கடலுக்குத் தொலைவில் வாழ்கிறோம் என்று எவ்வூராரும் ஆறுதல் கொள்ள இயலாது.

இடர் நேர்ந்தபோது பொருள் தர நம்மவர் தயங்கியதில்லை. தரும் முறையில்தான் கருத்து வேண்டும். தானத்தின் சிறப்பு விதி, திரவியம், கொடுப்போன், கொள்வோன் என்னும் நான்கினால் வேறுபடும் என்று தத்துவார்த்த சூத்திரம் வகுத்துள்ளது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், நாகைக் கடற்கரையில் பழந்துணிகள் தீண்டுவாரின்றிக் குவிந்து கிடந்தன. உற்றாரை இழந்து நின்ற மீனவர் அவற்றை உடுக்க நாணினர். நம் வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததை வெளியேற்றுவது தானமாகுமா?

13ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் கூர்ச்சரத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியபோது, கட்ச் நாட்டுப் பத்ரேசுவரத்து ஜைன வணிகர் ஜகடூ ஷா தம் களஞ்சியங்களைத் திறந்துவிட்டார். பஞ்சம் வருமென்று முனிவர் ஒருவர் உரைத்ததனால் அவர் முன்னரே தானியம் சேர்த்துவைத்தார் என்கிறது சர்வானந்தர் இயற்றிய ஜகடூ சரிதம். கைநீட்ட நாணிய நற்குடியினர்க்குப் பொற்காசைத் தின்பண்டத்தினுள் மறைத்து வழங்கினார் என்றும் அது சொல்கிறது. இக்காலத்திலோ ஒரு பொட்டலத்தைப் பத்துக் கைகள் பற்றிநின்று புகைப்படம் எடுத்துக்கொள்கிறோம்! பெறுவோர் முகத்தை அப்படத்தில் உற்று நோக்கினால் போதும்.

'பாத்திரம் அறிந்தே ஈதல் வேண்டும். வந்தவர்க்கெல்லாம் ஈதல் தகுமோ?' என்று நம்முள் சிலர் வினவுவர். நோன்பியர்க்கு அளிக்கும் தானத்தில் தகுதி காண்பது முறையே. துன்புற்றோர்க்கு அளிப்பது கருணைதானம். துன்பம் ஒன்றே அங்குத் தகுதி. நள்ளிரவில் நனைந்து வந்தவரிடம் நம் இரவுண்ணா நோன்பைச் சொல்லி விடியும்வரை பொறுத்திருக்கச் செய்தலும் பொருந்தாது என்பது எம் கருத்து. விரதம், அதனை ஏற்றவரையே கட்டும்.

2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில், பெருமழையால் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றது. அதற்கப்பால் தண்டவாளத்தின் கீழிருந்த ஜல்லியை வெள்ளம் அடித்துச் சென்றிருந்தது. அன்றிரவே திண்டுக்கல்லைக் கடந்திருக்க வேண்டிய வண்டி அது. சுமார் 800 பயணியர் நீர் சூழ்ந்த இடத்தில் அகப்பட்டனர். அருகிலிருந்த புதுக்குடி ஊரார், தம் பகுதியே வெள்ளத்தில் தவித்த வேளையிலும் கையிலிருந்த அரிசியைக் கொண்டு உலை வைத்து அவர்கட்குச் சோறிட்டனர். எவ்வூர், எக்குலம் என்று அவர்கள் வினவவில்லை. அரசும் மீட்புப் படையினரும் வந்து சேரும்வரை உயிர் காத்தது அச்சோறு. அஃது ஆகாரதானம் மட்டுமன்று. நம்மைக் கைவிட்டார் இலர் என்னும் துணிவை அளித்தமையால் அபயதானமும் ஆயிற்று.

ஔஷததானத்திற்கு உரிய காலம் வெள்ளம் வடிந்த பின்னரே தொடங்குகிறது. சேற்றுநீரால் வரும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் அப்போதுதான் தலைகாட்டும். தொண்டர் பலர் அதற்குள் ஊர் திரும்பிவிடுவர். நனைந்தழிந்த பாடநூல்களுக்கு ஈடாகப் பிள்ளைகட்குப் புதுநூல் வாங்கித் தருவதும் சாஸ்திரதானத்தைச் சாரும். பெருஞ்சாலையோரத்து ஊர்களில் பொருள் குவிய, உள்ளூர்ப்புறங்கள் வெறுங்கையுடன் நிற்பதுண்டு. ஆதலின் பொருளை ஏற்றுமுன் இரண்டு இளைஞரை அனுப்பி, எவர்க்கு எது தேவை என்று கேட்டறிதல் நலம்.

தசலட்சண பருவத்தில் ஜினாலயங்களில் சேரும் காணிக்கையில் ஒரு பங்கை இதற்கெனத் தனியே வைக்கலாம். அது முடிந்த சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அதற்குள் ஊர்க்கூட்டம் கூட்டி அரிசி, பருப்பு, பெரிய அண்டா, பாய், விளக்கு, மருந்து ஆகியவை எங்கிருக்கும், அவ்வறையின் சாவி எவரிடம் இருக்கும் என்பனவற்றை முடிவு செய்துகொள்வோமாக.