கட்டாயத் தொண்டு அறமாகுமா?

ஒருவர் ஏவாமல் தானே முன்வந்து செய்வதே தொண்டு என்று கொண்டால், பள்ளிப் படிப்பை முடிக்க 40 மணி நேரச் சமூகப் பணியைக் கட்டாயமாக்கியுள்ள கனடாவின் ஒன்ராறியோ மாகாணமும், 75 மணி நேரம் கேட்கும் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலமும் மாணவரிடமிருந்து பெறுவது தொண்டுதானா என்ற ஐயம் எழுகிறது. பென்சில்வேனியாவின் பெத்லகேம் பகுதிப் பள்ளிகள் 60 மணி நேரம் விதித்தபோது, இது அரசியலமைப்பு தடைசெய்த கட்டாய ஊழியம் என்றும், பிறர்நலக் கோட்பாட்டை ஏற்றுக்கொண்டதுபோலப் பிள்ளைகளை நடக்கச் செய்வது என்றும் சில பெற்றோர் வழக்காடினர். 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. முதல் வாதம் மிகைதான், ஆனால் இரண்டாவதில் உள்ள மெய்யியல் சிக்கல் தீர்ப்போடு தீர்ந்துவிடவில்லை.

கடமையுணர்வால் செய்யப்படும் செயலையும் கடமைக்கு வெறுமனே ஒத்துப்போகும் செயலையும் 1785இல் வெளியான தம் நூலில் பிரித்துக் காட்டிய இம்மானுவேல் காண்ட், சான்றிதழுக்காகச் செய்த பணியை இரண்டாம் வகையில்தான் சேர்த்திருப்பார். அரிஸ்டாட்டிலோ, நீதியான செயல்களைச் செய்து பழகியே மனிதர் நீதியுடையவர் ஆகின்றனர் என்கிறார். எனினும், அறிந்தும், அச்செயலுக்காகவே அதைத் தேர்ந்தும், உறுதியான இயல்பிலிருந்தும் செய்யும்போதே அது நிறைவான அறச்செயல் என்று அவர் வரம்பிடுகிறார். பணிக்கு முன் ஆயத்தத்தையும் பின் அதைப் பற்றிய சிந்தனையையும் மேரிலாந்து சேர்த்திருப்பது அந்த ‘அறிதலுக்கு’ ஓரளவு இடமளிக்கிறது.

இவ்விடத்தில் சைவ சித்தாந்தம் கூடுதல் தெளிவு தருகிறது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு நெறிகளுள் முதலாவதான சரியை, திருக்கோயிலைக் கூட்டுதல், மெழுகுதல், மாலை தொடுத்தல், அடியாரைப் பேணுதல் முதலிய உடலால் செய்யும் தொண்டாகும். உழவாரம் ஏந்திய அப்பர் இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவர். தொடங்கும்போதே கனிந்த ஞானத்தை இந்நெறி எதிர்பார்ப்பதில்லை. கை செய்யச் செய்ய மனம் பக்குவப்படும் என்று நம்புகிறது. ஆகவே பதினைந்து வயதினரின் ஆர்வமின்மை ஒன்றே அவர் பணியைப் பொய்யாக்கிவிடாது. ஆனால் சரியை அடுத்த நெறிக்கு ஏற்றிவிடும் படி என்பதும், இத்தனை நாழிகையோடு முடிந்தது என்னும் கணக்கு அதற்கு இல்லை என்பதும் நினைக்கத்தக்கவை.

கேடு ஏவலில் இருப்பதைவிடக் கணக்கிலேயே மிகுதியாக இருக்கிறது. காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969இல் இந்தியாவில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் மாணவர் விரும்பியே சேர்கின்றனர். இருந்தும் இரண்டாண்டுகளில் 240 மணி நேரம் என்னும் அளவும் அதன்பின் சான்றிதழும் அங்கும் உண்டு. இக்கணக்குக்கு நேர்மாறாக, மறுமைப் பயனை விலையாகக் கருதி அறம் செய்யும் வணிகன் அல்லன் என்று வள்ளல் ஆய் அண்டிரனைப் புலவர் முடமோசியார் புறநானூற்றில் போற்றுகிறார். இன்றைய மாணவருக்கு அந்த மறுமை, கல்லூரி விண்ணப்பத்தின் ஒரு பத்தியாகச் சுருங்கி மிக அருகில் வந்துவிட்டது.

இவ்விவாதம் முழுவதும் செய்பவரின் மனத்தையே சுற்றிவருகிறது. முதியோர் இல்லத்தில் மாணவரோடு பேசிப் பழகிய மூதாட்டிக்கு, அவர் விரும்பி வந்தாரா ஏவப்பட்டு வந்தாரா என்பதைவிட, நாற்பதாவது மணிக்குப் பின்னும் வருவாரா என்பதே பெரிது. மேற்பார்வையாளரின் கையொப்பத்தைக் கேட்கும் பள்ளிப் படிவங்களில் அந்த மூதாட்டியின் சொல்லுக்கு இடம் இருப்பது அரிது.