முயற்கொலையும் கூரிய கத்தியும்

கொல்லாமை மேற்கொண்டார் ஒருவர், கொல்லத் துணிந்தார் ஒருவரை நோக்கி, "கத்தியைச் சாணை பிடித்துக்கொள்ளும்" என்று சொல்லலாமோ? சொன்னால் அக்கொலையில் அவர்க்கும் பங்கு உண்டாகாதோ? இவ்வினா ஏட்டிலிருந்து எழுந்ததன்று. கொழும்பு நகரத்துக் கொம்பனித்தெருவிலே ஒரு வீட்டின் பின்முற்றத்தில் எழுந்தது.

2022ஆம் ஆண்டு இலங்கையை வாட்டிய பொருண்முடையை அன்பர்கள் மறந்திரார். அவ்வாண்டு செப்டெம்பரிலே கொழும்பில் உணவுப்பொருள் விலை, முந்திய ஆண்டின் அதே மாதத்தினும் ஏறக்குறைய 95 வீதம் உயர்ந்திருந்தது. அக்காலத்திலே எமக்கு அறிமுகமான குடும்பத்தலைவர் ஒருவர், மச்சம் விலக்காதவர், பிள்ளைகளின் பொருட்டு முயல் வளர்க்கத் தொடங்கினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்திலே பிரித்தானிய அரசாங்கமே தன் குடிகளை இத்தொழிலில் ஊக்கியதுண்டு. முயல் 31 நாளளவிற் குட்டி ஈனும். புல்லும் கீரைத்தண்டும் தின்று சில மாதத்தில் 2 கிலோ எடையை எட்டும். கூடு விரைவில் நிறைந்தது. பிள்ளைகள் சிலவற்றுக்குப் பெயருமிட்டு விட்டனர்.

கொல்லும் நாளன்று யாம் தற்செயலாய் அவ்வீட்டுக்குச் சென்றோம். அவர் கையில் இருந்தது வெங்காயம் நறுக்கித் தேய்ந்த அடுக்களைக் கத்தி. வேண்டாம் என்றே முதலிற் சொன்னோம். அதற்கு அவர், "ஐயா, நான் சந்தையிலே கோழி வாங்கி வந்தபோது நீங்கள் ஒன்றும் சொன்னதில்லையே. கண்ணெதிரே கொல்லுவதுதானா குற்றம்?" என்றார். யாம் மறுமொழி அறியாது நின்றோம். திருவள்ளுவர் கொல்லாமைக்கு ஓரதிகாரம் வகுத்ததோடு அமையாது புலால் மறுத்தலுக்கும் தனியே ஓரதிகாரம் வகுத்து, அதிலே விலைகொடுத்து வாங்குவோனையும் விடாது பற்றினாரன்றோ? வாங்குவோரைப் பொறுத்துக் கொல்வோரை இகழும் வழக்கம் எம்மிடத்தே இருந்ததை அவ்வொருவர் வினா வெளிப்படுத்திற்று. (கண்ணப்பர் ஊன் படைத்தாரே என்பாரும் உளர். அவர்தம் அன்பை விடுத்து ஊனை மாத்திரம் பற்றுவார்க்கு விடை கூற யாம் புகுந்திலேம்.)

இனிக் கத்திக்கு வருவோம். மழுங்கிய அலகு அறுப்பதில்லை, கிழிப்பது. அழுத்த அழுத்த வழுக்கிப் பிடித்தவன் கையிலும் பாயும். வாழ்நாளெல்லாம் ஓசையின்றித் திரியும் முயல், பேரச்சமும் பெருநோவும் வந்துழிக் குழந்தைபோல வீறிடும். அத்தெருவிலே நெடுங்காலம் வாழும் மலாயரும் பிற முஸ்லிம்களும், அலகைக் கூர்மை செய்யவேண்டும், அதனையும் பிராணியின் கண்முன்னே செய்தலாகாது என்னும் விதியுடையவர்கள். யூதர் முயலை உண்ணாரேனும், ஏனைய விலங்கை அறுக்குமுன் கத்தியின் விளிம்பை நகத்தின்மேல் ஓட்டிச் சிறு பல்லேனும் உண்டோ என்று பார்ப்பர். ஊனுண்ணும் சமயத்தார் இத்துணை அஞ்சும் நோவைப் பற்றி, ஊன் மறுத்த யாம் ஒரு சொல்லும் சொல்லாதிருத்தல் தகுமோ?

ஆதலின் அன்று நிறுத்தும்படி கேட்டோம். கொல்லவே வேண்டுமாயின், மெல்லிய அலகுடைய கத்தியொன்றைச் சாணைக்கல்லில் தீட்டி, பழகினவரிடம் கற்று, முதலில் ஓரடியால் உணர்வைப் போக்கி உடனே கழுத்தை அறுக்கும்படியும், மற்ற முயல்கள் காணாதபடி செய்யும்படியும் சொன்னோம். அவர் அவ்வண்ணமே செய்தார்.

இதனைக் கேட்ட எம் அன்பர் ஒருவர், "நீர் கொல்வித்தவர் ஆயினீர்" என்று கடிந்தார். அக்கடிதலை முற்றும் தள்ளிவிட எம்மால் இயலவில்லை. எனினும் அந்த முயல் அன்று பட இருந்த நோவு, எமது விரதத்தால் ஒருசிறிதும் குறைந்திராது. கத்தியின் கூரால் குறைந்தது. சீவகாருணியம் பிறர் கொலை விடுங்காறும் வாயடைத்துக் காத்திருப்பதாயின், அதனால் அவ்வுயிர்க்கு வந்த பயன் யாது?

எம்மை வருத்துவது வேறொன்று. முதன்முறை அவர் கை நடுங்கிற்று. இரவில் உணவு கொள்ளவுமில்லை. நான்காம்முறை நடுக்கமில்லை என்று தாமே மகிழ்ந்து சொன்னார். அது கத்தி நல்லதானமையாலோ, நெஞ்சு வன்மையுற்றமையாலோ என்று கேட்டோம். சிறிது நேரம் கத்தியைப் பார்த்திருந்து, தெரியவில்லை என்றார்.