முண்டு மரமும் மறைத்து வைத்த பிள்ளையும்



காட்சியாகமம் 18-ம் அதிகாரத்தில் பபிலோன் மாநகரின் வீழ்ச்சியை அர்ச். அருளப்பர் வர்ணிக்கிறார். தங்கள் சரக்கை இனி வாங்குவாரில்லையே என்று வர்த்தகர்கள் புலம்பி அழுகிறார்கள். பொன், வெள்ளி, முத்து, பட்டு என்று அந்தச் சரக்குகளின் ஜாபிதா நீண்டுகொண்டே போகிறது. அதன் நடுவே ஒரு மரத்தின் பெயரும் வருகிறது. பொன்னோடும் முத்தோடும் சேர்த்து எண்ணத்தக்க மரமும் உண்டா? உண்டு. வட ஆப்பிரிக்காவில் வளரும் துயா மரமே அது என்று வேத சாஸ்திரிகள் கருதுகிறார்கள்.

அக்காலத்து ரோமாபுரிச் சீமான்கள் அந்த மரத்தில் செய்த மேசைகளின்மேல் மோகங்கொண்டு கிடந்தார்கள். பேர்பெற்ற நாவலராகிய சிசரோ ஒரே ஒரு மேசைக்கு 5,00,000 செஸ்டர்ஸ் நாணயம் கொடுத்ததாகப் பிளினி என்பவர் எழுதி வைத்திருக்கிறார். இத்தனை விலை கொடுத்து வாங்கப்படுவது உண்மையில் மரத்தின் குறைதான் என்றும் அவரே சொல்லுகிறார். ஆம், நேராக வளர்ந்த அடிமரத்தை அவர்கள் தேடவில்லை. வேரடியில் மண்ணுக்குள் புடைத்துக் கிடந்த முண்டையே தேடினார்கள்.

இன்றைக்கும் மொரோக்கோ தேசத்தில், அட்லாண்டிக் கடலோரத்திலுள்ள எஸ்ஸவுய்ரா பட்டணத்தில், துயா முண்டைக் கொண்டு கிண்ணங்களும் பேழைகளும் செய்கிறார்கள். மேப்பிள், செர்ரி முதலிய மரங்களின் முண்டுகளை அமெரிக்காவில் கடைகிறார்கள். முண்டு என்பது என்ன? காயமோ, பூச்சியோ, பூசணமோ, வேறு ஏதேனும் நெருக்கடியோ தாக்கும்போது, பல மரங்களில் அந்த இடத்து வளர்ச்சி திசைமாறிப் போகிறது. துளிர்க்காத மொட்டுகள் கூட்டங்கூட்டமாய்த் திரண்டு, ரேகைகள் எல்லாப் பக்கமும் சுழன்று, கழலைபோல் வீங்கி விடுகிறது. அது பலகைக்கும் ஆகாது, தூணுக்கும் ஆகாது. வெளியே பார்த்தால் அவலட்சணம். அறுத்துப் பார்த்தாலோ மயில்தோகையின் கண்களைப்போல் எத்தனையோ கண்கள்!

ஆனால் அந்த அழகு அவசரக்காரனுக்கு அகப்படாது. கடைசல்காரர் பச்சை முண்டை முதலில் தடிப்பான கிண்ணமாக மட்டும் கடைகிறார். வாய் பத்து அங்குல அகலமானால் சுவர் ஒரு அங்குலக் கனம் இருக்கும்படி விட்டுவிடுகிறார். பிறகு அதை அதன் சீவல்களோடேயே காகிதப்பையில் பொதிந்து, மாதக்கணக்காய் ஒதுக்கி வைக்கிறார். அவ்வப்போது எடுத்து நிறுத்துப் பார்க்கிறார். எடை குறைவது நின்றால்தான் ஈரம் அடங்கிற்று என்று பொருள். அதற்குள் கிண்ணம் கோணிப்போயிருக்கும். அதற்காக அவர் அதை எறிந்துவிடுவதில்லை. கோணும் என்று தெரிந்துதானே முதலிலேயே கனமாய் விட்டு வைத்தார்!

மறுபடி கடையும்போது உளியை அடிக்கடி சாணை பிடிக்கிறார். மழுங்கிய உளி சுழன்ற ரேகையைப் பிய்த்துவிடும். அழுத்திப் பிடித்தாலோ கிண்ணமே உடைந்து தெறிக்கும். ஆகையால் கூர்மையான உளியால், மெல்ல மெல்லச் சீவுகிறார். அதன்பின் முரட்டு உப்புத்தாளில் தொடங்கி, படிப்படியாய் நைசான தாளுக்கு வருகிறார். ஒரு படியைத் தாண்டினாலும் கீறல் நின்றுவிடும். எண்ணெய் பூசும்போது அது காட்டிக் கொடுத்துவிடும். பட்டை புகுந்து ஓட்டை விழுந்த இடத்தைப் பலர் மூடுவதும் இல்லை. கிண்ணத்தின் அழகோடு அழகாய் விட்டுவிடுகிறார்கள். கடைசியில் எண்ணெய் பட்டதும், அதுவரை மங்கிக் கிடந்த மரம் உள்ளிருந்து விளக்கேற்றியதுபோல் ஒளிவிடுகிறது.

கிறிஸ்தவர்களே, அந்த வர்த்தகர்களின் ஜாபிதாவை முடிவுவரை வாசித்துப் பாருங்கள். கடைசிச் சரக்காக எழுதியிருப்பது மனிதர்களின் சரீரங்களும் ஆத்துமங்களும்! மரத்தின் குறைக்கு லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுத்த கைகள், சர்வேசுரன் தமது சாயலாகப் படைத்த மனிதனைச் சந்தையில் மாடுபோல் விற்றன. பபிலோன் விழுந்ததில் ஆச்சரியம் என்ன?

அது ரோமாபுரியின் பாவம் என்று நாம் ஆறுதலடைய வேண்டாம். நம் பங்கிலும் சில வீடுகளில், பேச்சு வராத பிள்ளை, புத்தி வளர்ச்சி குன்றிய பிள்ளை, கைகால் வழங்காத பிள்ளை உண்டு. விருந்தாளி வந்தால் அந்தப் பிள்ளை உள் அறைக்குப் போய்விடுகிறது. திருநாளன்று அண்ணன் தம்பிமார் புத்தாடை உடுத்திக் கோவிலுக்கு வருகிறார்கள். அது மட்டும் பாட்டியோடு வீட்டில். "யார் செய்த பாவமோ!" என்று அக்கம்பக்கத்தார் பேசுகிறார்கள். பிறவிக் குருடனைக் கண்டபோது சீஷர்களும் இதையேதான் கேட்டார்கள். இவனும் பாவஞ்செய்யவில்லை, இவன் பெற்றோரும் செய்யவில்லை என்று நம் ஆண்டவர் அந்தப் பேச்சை அன்றே வெட்டி எறிந்தார். அவர் வெட்டியதை நாம் ஒட்டவைக்கலாமா?

"சுவாமி, இதற்கு மந்திரமே வராதே, புதுநன்மை எப்படி?" என்று தாய்மார் கேட்கலாம். 1910-ம் ஆண்டு, அர்ச். 10-ம் பத்திநாதர் பாப்பரசரின் காலத்தில் வெளிவந்த சட்டம், புதுநன்மைக்கு நிறைந்த ஞானோபதேச அறிவு வேண்டுமென்று கேட்கவில்லை. பிள்ளை தன் சக்திக்கு ஏற்றபடி விசுவாசத்தின் முக்கிய சத்தியங்களை அறிந்து, நற்கருணை அப்பம் சாதாரண அப்பமல்ல என்று பகுத்தறிந்தால் போதும் என்றது. பேசத் தெரியாத பிள்ளைக்கும் முழந்தாளிடத் தெரியும். சிற்றுண்டியைக் கண்டால் ஒருவிதமாகவும், நற்கருணைப் பேழையைக் கண்டால் வேறுவிதமாகவும் அதன் முகம் மாறுவதைப் பெற்ற தாய் அறிவாள்.

நேர்மரத்துக்கு ஒரு வேகம், முண்டு மரத்துக்கு ஒரு வேகம். மற்றப் பிள்ளைகள் மூன்று மாதத்தில் கற்பதை இவர்கள் மூன்று வருஷத்தில் கற்கட்டும். அடியும் அதட்டலும் மழுங்கிய உளி. பொறுமையும் முத்தமும் கூரிய உளி. ஆகையால் பெற்றோரே, இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து அறைவீட்டுக்கு அழைத்து வாருங்கள். மற்றவர்களே, அவர்கள் கோவிலுக்குள் வரும்போது திரும்பி முறைத்துப் பாராமல், உங்கள் பக்கத்தில் இடம் விடுங்கள்.

நாசரேத்தூரில் அர்ச். சூசையப்பரின் பட்டறையில் மரவேலை செய்த திருக்கரங்கள், அந்தப் பிள்ளையை ஏந்திக்கொள்ளக் காத்திருக்கின்றன. தடுக்காதிருப்போமாக. ஆமென்.

உங்கள் பங்குச் சுவாமியார்